எந்த பாவா சொன்னது?

பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் என்னை விட்டபாடில்லை. சந்தைக்குப் போனால் ஒருவர், சர்ச்சுக்குப் போனால் ஒருவர், பிடித்து நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கேன், என்னென்ன பாக்கணும்?" வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டால் "பார்த்தாச்சு சார், சுத்தம்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வில்லங்க சர்டிபிகேட் என்பது ஆபீசில் பதிவானதை மட்டும் சொல்லும். பதிவாகாத பாகம், பெயர் எழுதாத பெண்டாட்டி, வயசு வராத பிள்ளை, இவர்களெல்லாம் அதில் வரமாட்டார்கள்.

பட்டா அவர் பேரில் இருக்கிறதே என்பார்கள். பட்டா வரி கட்டுகிறவன் யார் என்று காட்டுமே தவிர, வீடு யாருடையது என்று அது முடிவு செய்வதில்லை. அந்த வீட்டு அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே என்பார்கள். சாட்சி போட்டவள், இன்னொருவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்றுதான் சொல்கிறாள். என் பங்கை விட்டேன் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். பணம் கொடுக்குமுன் அந்த வீட்டுக்குள் போ, அங்கே யார் யார் சோறு சாப்பிடுகிறார்கள் என்று பார், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருத்தணி சப்-ரிஜிஸ்தரார் ஆபீசில் காப்பியிஸ்டாகச் சேர்ந்தபோது இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. பத்திரங்கள் பாதி தமிழில் வரும், பாதி தெலுங்கில் வரும். வந்த பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து புத்தகத்தில் நகல் எடுப்பதுதான் என் வேலை. தப்பு இருந்தால் அந்தத் தப்பையும் அப்படியே எழுத வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நல்ல கையெழுத்துக்காகப் பரிசு வாங்கியவன் நான். முதல் மாதமே என் நல்ல கையெழுத்தைப் பார்த்து ஹெட் குமாஸ்தா, "அழகா இருக்கு, ஆனா அவன் எழுதாத கமாவை நீ ஏன் போட்டே?" என்றார். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் சப்-ரிஜிஸ்தரார் வெங்கடராவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

வெங்கடராவ் மெலிந்த மனிதர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எழுதிக் கொடுத்தவர் வந்து எதிரே நின்றால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். அப்புறம் பத்திரத்தைப் பார்க்கவே மாட்டார், அந்த ஆளின் முகத்தைத்தான் பார்ப்பார். "இதை எழுதிக் கொடுத்தது நீயா?" என்பார். "ஆங்" என்று பதில் வந்தால் அதோடு விடமாட்டார். "எதை வித்தே? நீயே சொல்லு" என்பார். பக்கத்திலிருந்து யாராவது வாயைத் திறந்தால் ஒரு விரலை உயர்த்துவார். வக்கீல் ஆனாலும் சரி, மிராசுதார் ஆனாலும் சரி, அந்த விரலுக்கு அடங்கித்தான் ஆகவேண்டும்.

ஹெட் குமாஸ்தாவுக்கு இது பிடிக்காது. "சொத்து யாருதுன்னு விசாரிக்கறது கோர்ட்டு வேலை. எழுதினியா, எழுதினேன், மை தொட்டு அமுக்கு, அவ்ளோதான் நம்ம வேலை" என்று என்னிடம் முணுமுணுப்பார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். வெங்கடராவும் அதை மீறியதில்லை. சொத்து யாருடையது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. எதை எழுதிக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்பார். தான் எழுதிக் கொடுத்தது என்னவென்று தெரியாதவன் அதை எழுதிக் கொடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர் வீட்டை மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆபீசுக்கு வர முடியாதவர்களிடம் நாங்களே போய் வாக்குமூலம் வாங்குவது உண்டு. மைப்பலகை, ரேகைப் புத்தகம் எல்லாவற்றையும் துணியில் சுற்றி நான் தூக்கிக்கொண்டு போனேன். "எழுதிக் குடுத்தீங்களா?" என்றார் வெங்கடராவ். பெரியவர் தலையை ஆட்டி "ஆங்" என்றார். "வீட்டையா?" "ஆங்." மகன் முகம் மலர்ந்தது. மைப்பலகையை எடுத்து வைத்தான். வெங்கடராவ் கட்டிலில் உட்கார்ந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க புள்ளதானே?" என்று கேட்டார். அதற்கும் "ஆங்" என்றார் பெரியவர். வெங்கடராவ் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "பதிய முடியாது" என்ற ஒரு வார்த்தைதான். எனக்கு அந்தப் பெரியவர்மேல் அன்று வந்த இரக்கம் சொல்லி மாளாது.

இனி அம்மையார்குப்பம் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஊரில் முனுசாமி என்று ஒரு நெசவாளி இருந்தான். அவனும் தம்பியும் சேர்ந்து இருந்த வீடு, தகப்பன் கட்டியது. வடக்குப் பாதியில் முனுசாமி குடும்பம், தெற்குப் பாதியில் தம்பியும் தம்பி பெண்டாட்டி ருக்கம்மாளும். தறிக்குழி தெற்குப் பாதியில் இருந்தது. அடுப்பு ஒன்றுதான், பாகம் பிரித்துக்கொண்டதில்லை. தம்பி காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவன் போன பிறகு அந்தத் தறியில் ருக்கம்மாளே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

அது நூல் கிடைக்காத காலம். ரேஷன் நூலுக்கு நெசவாளிகள் நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்புவார்கள். முனுசாமிக்குப் பட்டணத்தில் ஒரு மில்லில் வேலை கிடைப்பதாக இருந்தது. வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் போய்விடலாம் என்று முடிவு செய்தான். ருக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் அவன் எண்ணம். கெட்டவன் இல்லை அவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அவனைத் தப்பாக நினைக்கக் கூடாது.

வாங்க வந்தவர் ஆரோக்கியம் வாத்தியார். அந்த ஊர் மிஷன் பள்ளியில் வேலை, எனக்கும் தெரிந்தவர். ஒரு நாள் ஆபீசுக்கே வந்து என்னிடம் கேட்டார்.

"சாமுவேல், தம்பி செத்துட்டான், புள்ள இல்ல. அப்போ முழு வீடும் அண்ணனுக்குத்தானே வரும்? முனுசாமி அப்டித்தான் சொல்றான்."

"முன்னெல்லாம் அப்டித்தான் வாத்தியாரே. இப்போ சட்டம் மாறிடுச்சு. புருஷன் பங்கு பெண்டாட்டிக்கு உண்டு, அவ உசுரோட இருக்கற வரைக்கும். அந்தம்மாவையும் விக்கறவங்களா சேத்து எழுதுங்க. சாட்சியா போட்டுட்டு வந்துடாதீங்க."

"அவ ஒத்துக்கினாளாம். முனுசாமி கேட்டானாம்."

"அப்போ நல்லதாப் போச்சு. கூட்டியாந்து நிறுத்துங்க."

அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். முழு வீட்டையும் முனுசாமியும் ருக்கம்மாளும் சேர்ந்து வாத்தியாருக்குக் கிரயம் செய்வதாகப் பத்திரம். ருக்கம்மாளின் ரேகை அதில் ஏற்கெனவே இருந்தது. பத்திரம் எழுதியவர் படித்துக் காட்டியிருந்தார். "சகல பாத்தியங்களும் சேர்த்து, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று மூச்சு விடாமல் படித்தால் யாருக்குப் புரியும்? ஆபீசில் அவள் பத்திரத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்தக் கூரையும் தறியும் அவளுடையதில்லை.

முனுசாமி முதலில் வந்தான். எதை வித்தே என்றதற்கு, "முழு வூடுங்க, பின்கட்டு, கெணத்துப் பாத்தியம் எல்லாம் சேத்து" என்று தெளிவாகச் சொன்னான். ரேகை வைத்தான். அடுத்து ருக்கம்மாள். ஒல்லியான பெண், முப்பது வயசுகூட இருக்காது. வெங்கடராவ் அவளை பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இதுல இருக்கற ரேகை உன்னுதாம்மா?"

"என்னுதுதாங்க சாமி."

"எதை விக்கறதா எழுதியிருக்கு?"

அவள் முனுசாமியைப் பார்த்தாள். முனுசாமி எதையோ சொல்ல வாயெடுத்தான். விரல் உயர்ந்தது.

"பாவா சொன்னபடிதாங்க" என்றாள்.

"சரி, பாவா என்ன சொன்னாரு?"

"தறிக்குழி இருக்கிற தெக்கால பாதி எனக்கு. வடக்கால பாதிதான் விக்கறது. அதுக்குத்தான் ரேக வெச்சேன்."

அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் முனுசாமி பக்கம் திரும்பினோம். வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "என்னய்யா இது? முழு வீடுன்னுதானே எங்கிட்ட பேசினே? அந்தப் பொண்ணுகிட்ட வேற சொல்லி வெச்சிருக்கியா?" என்றார். ஹெட் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'பார், இன்னொரு திருடன்' என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கும் அவன்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு விதவையிடம் பாதி வீடு உனக்கு என்று சொல்லி முழு வீட்டுக்கும் ரேகை வாங்கியிருக்கிறான், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது.

முனுசாமி இரண்டு கையையும் விரித்தான். "நான் அப்டிச் சொல்லவே இல்லீங்க. மலைமேல இருக்கறவன் சாட்சி. முழு வூட்டயும் விக்கறேன்னுதான் சொன்னேன். கேட்டதுக்கு 'பாவா சொன்னபடியே ஆவட்டும்'னு சொன்னா. அத வெச்சித்தான் நான் எழுத ஏற்பாடு பண்ணினேன்" என்றான்.

வெங்கடராவ் அவனைப் பார்க்கவே இல்லை. ருக்கம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, எந்த பாவா?"

நான் வேலூர்ப் பக்கத்து ஆள். எனக்கு பாவா என்றால் அக்காள் புருஷன்; இவள் முனுசாமியை அப்படிக் கூப்பிடுகிறாள் என்று மட்டும் புரிந்தது. எங்கள் ஆபீசில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் வெங்கடராவ் ஒருவர்தான். தெலுங்குப் பழக்கமுள்ள அந்தப் பக்கத்து வீடுகளில் புருஷனுடைய அண்ணனும் பாவா, அத்தை பிள்ளைகளும் பாவா. அத்தை பிள்ளையையே கட்டிக்கொண்டவளுக்குப் புருஷனும் பாவா. ருக்கம்மாள் கட்டிக்கொண்டது அத்தை பிள்ளையை. சின்ன வயசு முதல் அண்ணன், தம்பி இருவரையுமே அவள் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவரா?" என்று முனுசாமியைக் காட்டினார்.

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்போ யாரு? பேரைச் சொல்லும்மா. நான் எழுதிக்கணும்."

சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். புருஷன் பெயரைச் சொல்லும் பெண் அந்தக் காலத்தில் யார் இருந்தாள்? அதிலும் அவள் புருஷன் பெயர் தணிகாசலம். அந்தப் பெயருக்குப் பயந்து அவள் திருத்தணி என்றுகூடச் சொன்னதில்லை. எங்கே போகிறாய் என்றால் "மலையூருக்கு" என்பாளாம். இது வாத்தியார் பிறகு எனக்குச் சொன்னது. மற்ற நாளாக இருந்தால் கூட வந்த யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள், எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். முனுசாமியும், "ஐயா, என் தம்பிங்க, அவன் பேரு..." என்று ஆரம்பித்தான். விரல் உயர்ந்தது. வெங்கடராவ் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பாவம், அந்தப் பெண்ணை ஏன் வதைக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவள் வாயிலிருந்து வராத ஒன்றை அவள் சொன்னதாக எழுத அவருக்கு மனம் வராது.

ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் யாரையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தணிகாசலம்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஹெட் குமாஸ்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

மிச்சத்தை அவளே சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபோது புருஷன் சொன்னானாம். "தெக்கால பாதி நம்முளுது. அண்ணன் எங்க போனாலும் நீ தறிய வுட்டுடாத." வீட்டை விற்கப் போகிறேன் என்று முனுசாமி வந்து கேட்டபோது, அவள் அதை மனதில் வைத்துத்தான் பாவா சொன்னபடியே ஆகட்டும் என்றிருக்கிறாள். முனுசாமியும் சரி என்று தலையாட்டினான். தம்பி சொன்னது அண்ணனுக்கும் தெரியும்போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். தன் பேச்சுக்கு இவள் ஒத்துக்கொண்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒரு வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அத்தனை நாளும் வேறு வேறு வீட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடராவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இந்தம்மா இந்தப் பத்திரத்தை ஒப்புக்கலை. பதிய மாட்டேன்னு நான் எழுதலாம். இல்லாட்டி வாத்தியாரே, நீங்களே திருப்பி வாங்கிக்கலாம். பேசிட்டு வாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. வாத்தியார் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

என் மேஜை ஜன்னலை ஒட்டி. தாழ்வாரத்தில் பேசுவது எல்லாம் காதில் விழும். கேட்காமல் இருக்க நான் ஒன்றும் மகான் இல்லை.

முனுசாமி அவள் எதிரே வந்து நின்று கேட்டான். "அன்னிக்கி அடுப்பாண்ட நின்னுகினு சொன்னியே, எம் மூஞ்சியப் பாத்துத்தானே சொன்ன? என்னத்தான் சொல்றேன்னு நெனச்சிகினு இருந்தேன். இத்தினி நாளும் நீ பாவா பாவான்னு கூப்ட்டது எல்லாம் யார?"

"உங்களத்தான்" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"உங்களுக்கும் அதான் பேரு, அவருக்கும் அதான் பேரு. அவரு போனப்புறம் அந்தப் பேரச் சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா? உங்களக் கூப்புடும்போது அவரும் வூட்டுக்குள்ள எங்கியோ இருக்கறமாதிரி இருக்கும். அதுக்காவவே சில நாளு காரணமே இல்லாம கூப்ட்டுகினு இருந்தேன்."

நான் எட்டிப் பார்த்தேன். முனுசாமி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. தம்பி செத்தபோதுகூட அவன் அழவில்லை, காரியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று வாத்தியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாத்தியார் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

கொஞ்சம் தேறியதும் முனுசாமி அவரிடம் வந்தான். "வாத்தியாரே, விக்கறது வடக்கால பாதிதான். வேணும்னா வாங்கிக்கோங்க, வேணான்னா வுட்டுடுங்க. ஒங்க மேல ஒண்ணும் தப்பில்ல" என்றான். முழு வீட்டுக்காகப் பணம் எண்ணி வைத்திருந்த மனிதர் வாத்தியார். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கலந்துகொண்டு, பாதி போதும் என்று முடிவு செய்தார். பின்னால் ஒரு நாள் என்னிடம், "அவ அன்னிக்கி வாய் தெறக்காம இருந்திருந்தா, நான் ஒரு பொம்பள கண்ணீர்மேல குடியேறியிருப்பேன்" என்று சொன்னார்.

புதுப் பத்திரம் வந்தது. இந்த முறையும் இருவருமே எழுதிக் கொடுப்பவர்கள், ஆனால் வடக்குப் பாதிக்கு மட்டும். கிரயப் பத்திரத்தில் முக்கியமான இடம் நான்கு பக்கத்து எல்லையை எழுதும் இடம். செக்குபந்தி என்போம். தொகை எவ்வளவு என்று பத்து தடவை பார்க்கிறவர்கள் அதை ஒரு தடவைகூடப் படிப்பதில்லை. தெற்கு எல்லையாக அதில், "மேற்படி தணிகாசலம் மனைவி ருக்கம்மாளுக்குப் பாத்தியமான வீடு" என்று எழுதியிருந்தது. பாகப்பிரிவினைக்குத் தனிப் பத்திரம் எழுதியிருக்கலாம், அதுதான் முறை. அதற்கு அவர்களிடம் அப்போது வசதியில்லை. ஆனால் தன் பத்திரத்தில் தானே சொல்லி ரேகை வைத்த எல்லையை, முனுசாமியோ அவன் பிள்ளைகளோ பின்னால் லேசில் இல்லை என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தாளில் இருந்த ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

முனுசாமி வந்து எதிரே நின்றான். வெங்கடராவ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எதை வித்தே?"

"வடக்கால பாதிங்க."

"கிழக்கே?"

"தெருங்க."

"வடக்கே, மேற்கே" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், "தெற்கே?" என்றார்.

முனுசாமி பிறந்ததிலிருந்து அந்த இடத்தை எங்க வூடு என்றே சொல்லி வந்தவன். அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றதை நான் பார்த்தேன்.

"ருக்கு வூடுங்க" என்று சொல்லிவிட்டு, மை தொடக் கட்டைவிரலை நீட்டினான்.